தெருவுக்குத் தெரிந்தது போனுக்குத் தெரியவில்லை

கேள்வி:

என் மகளுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துப் போன வருஷம்தான் கரு தங்கியது. ஏழாம் மாதம் வளைகாப்பு நடத்தினோம். அடுத்த மூன்றாவது வாரம் குழந்தையை இழந்துவிட்டோம். இப்போது என்னோடுதான் இருக்கிறாள். எங்கள் தெருவில் ஒருவர்கூட அவளிடம் எதையும் கேட்பதில்லை. அவள் போன் மட்டும் விடுவதாக இல்லை. எதைத் திறந்தாலும் தொட்டில், டயபர், குழந்தை சோப்பு. பிரசவத்துக்குக் குறித்த தேதி தாண்டி ஒரு மாதம் ஆனதும், 'உங்கள் செல்லத்துக்கு இன்று முதல் மாதம்' என்று ஒரு செயலியிலிருந்து வாழ்த்து வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நின்றாள். ஒன்றும் பேசவில்லை.

யோசித்துப் பார்த்தால், நாங்கள் வெளியில் சொல்லாத மூன்றாம் மாதத்திலேயே இந்த விளம்பரங்கள் ஆரம்பித்துவிட்டன. வீட்டில் பேசுவதைப் போன் ஒட்டுக்கேட்கிறதா? நான் எதையும் தேடியதே இல்லை, என் போனிலும் வருகிறதே, எப்படி? 'நம்மகிட்ட மறைக்க என்னம்மா இருக்கு, விடு' என்கிறான் என் மகன். இதை நிறுத்த வழி உண்டா? சட்டம் ஏதாவது செய்யுமா?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, பாளையங்கோட்டை

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த விளம்பரங்களை நிறுத்தலாம். அடியோடு இல்லாவிட்டாலும் பெரும்பகுதியை நிறுத்திவிடலாம். அதற்காக உங்கள் மகள் எந்தத் திரையையும் பார்க்க வேண்டியதில்லை, யாரிடமும் எதையும் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் இன்னொருவர் அவருக்காகச் செய்யலாம். எப்படி என்று கடைசியில் வரிசையாகத் தருகிறேன். இப்போது நீங்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாக வருகிறேன்.

போன் ஒட்டுக்கேட்கிறதா?

இந்தச் சந்தேகம் பலருக்கும் உண்டு. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். நமக்குத் தெரியாமல் மைக்கைத் திறந்து பேச்சைப் பதிவு செய்து அனுப்பிய செயலி ஒன்றுகூட அவர்களிடம் அகப்படவில்லை. ஆனால் திரையில் நாம் செய்வதைப் படமாகவோ வீடியோவாகவோ பிடித்து வேறு நிறுவனங்களுக்கு அனுப்பிய செயலிகள் சில அகப்பட்டன.

நாள் முழுக்க ஒரு வீட்டின் பேச்சைக் கேட்டு, அதில் வேண்டியதைப் பிரித்தெடுப்பது நிறுவனங்களுக்குச் செலவு பிடிக்கிற வேலை. அதைவிட மலிவாக, அதைவிடத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள நாமே வழி கொடுத்திருக்கிறோம்.

மூன்றாம் மாதத்திலேயே எப்படித் தெரிந்தது?

அமெரிக்காவில் 'டார்கெட்' என்று ஒரு பெரிய கடைத்தொடர் இருக்கிறது. அங்கே வேலை பார்த்த புள்ளியியல் நிபுணர் ஆண்ட்ரூ போல், கர்ப்பிணி வாடிக்கையாளர்களைக் கண்டுபிடிக்க ஒரு கணக்குமுறையை உருவாக்கினார். 2012-ல் நியூயார்க் டைம்ஸ் இதழில் சார்லஸ் டுஹிக் எழுதிய கட்டுரை வழியாக அது ஊருக்குத் தெரிந்தது. குழந்தை பிறக்கப்போகிறது என்று கடையில் தாங்களாகவே பதிவு செய்துகொண்ட பெண்கள் கர்ப்பத்தின் எந்தக் கட்டத்தில் என்னென்ன வாங்கினார்கள் என்று அந்தக் கடையினர் பார்த்தார்கள். முதல் 20 வாரங்களில் கால்சியம், மெக்னீசியம், துத்தநாக மாத்திரைகள். நாலாம் மாதவாக்கில் வாசனையில்லாத லோஷன். இப்படிச் சுமார் 25 பொருள்களைச் சேர்த்துப் பார்த்தபோது, இன்னார் கர்ப்பமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பெண் போட முடிந்தது. பிரசவ தேதியைக்கூட ஏறத்தாழக் குறிக்க முடிந்தது. தங்களைக் கவனிக்கிறார்கள் என்று அந்தப் பெண்களுக்குத் தோன்றிவிடக் கூடாது என்பதற்காக, டயபர் கூப்பனுக்குப் பக்கத்தில் புல்வெட்டும் இயந்திரத்தின் விளம்பரத்தையும் சேர்த்து அச்சிட்டு அனுப்பினார்கள்.

மாத்திரையையும் லோஷனையும் ஒரே ஆளோடு சேர்த்துப் பார்க்க அந்தக் கடை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி எண் போட்டு வைத்திருந்தது. நம் ஊரில் கடைக்காரர் அந்தச் சிரமம்கூடப் பட வேண்டியதில்லை. பில் போடும் இடத்தில் நாமே நம் செல்போன் எண்ணைச் சொல்லிவிடுகிறோம்.

போன மாதம் என் அப்பாவுக்கு மாத்திரை வாங்க ஒரு மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். 'நம்பர் சொல்லுங்க சார்' என்றார் பில் போடும் தம்பி. சொல்லி முடித்ததும் திரையில் என் பெயர் வந்தது. அதற்குக் கீழே இரண்டு வருஷக் கணக்கு சரசரவென்று இறங்கியது. அப்பாவின் சர்க்கரை மாத்திரை, மனைவியின் தைராய்டு மாத்திரை, நடுவில் ஒரு மாதம் எனக்குத் தூக்கம் வராமல் டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை. திரை பாதி வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. எனக்குப் பின்னால் நின்றவர் நினைத்தால் அத்தனையையும் படித்திருக்கலாம். 'போன தடவை வாங்கினதையே போட்டுடவா சார்?' என்று அந்தத் தம்பி அன்பாகத்தான் கேட்டார். எனக்குத்தான் உடனே வாய் வரவில்லை. எங்கள் வீட்டு உடம்புகளின் சரித்திரம் முழுக்க 10 இலக்கத்தின் கீழ் எழுதி வைத்திருந்தது.

உங்கள் மகளுக்கும் இதேதான். ஃபோலிக் ஆசிட் மாத்திரை வாங்கிய கடை, ஸ்கேன் சென்டர், தளர்வான நைட்டி எடுத்த துணிக்கடை, வாரா வாரம் குழந்தை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று காட்டும் செயலி. நாலு இடத்திலும் கொடுத்தது ஒரே எண்ணாகத்தான் இருக்கும். எந்த இடத்திலிருந்து கசிந்தது என்று ஒரு கடிதத்தை மட்டும் வைத்து யாரையும் கைகாட்டக் கூடாது. ஆனாலும் இப்படிப்பட்ட கடிதம் வந்தால் நான் முதலில் பார்க்கச் சொல்வது செயலியைத்தான். அதற்குக் காரணம் இருக்கிறது.

'ஃப்ளோ' என்பது மாதவிலக்கு, கர்ப்பக் கணக்குகளைக் குறித்துக்கொள்ளும் செயலி. 10 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பயன்படுத்தியது. பயனர்களின் உடல்நல விவரங்களை யாருக்கும் தரமாட்டோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஃபேஸ்புக், கூகுள் உள்ளிட்ட நிறுவனங்களின் விளம்பர, பகுப்பாய்வுப் பிரிவுகளுக்கு அவை போகும்படி செய்திருந்தது என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2021 ஜனவரியில் குற்றம்சாட்டியது. செயலிக்குள் ஒரு பெண் எதைத் தொட்டாலும் அதற்கு ஒரு குறிப்பு உருவாகும். அந்தக் குறிப்புகளில் ஒன்றின் தலைப்பே, 'கர்ப்ப வாரம் தேர்ந்தெடுக்கப்பட்டது' என்று பொருள்படும்படி இருந்ததை ஆணையம் எடுத்துக்காட்டியது. வேறு விளக்கமே தேவையில்லை, தலைப்பைப் படித்தாலே போதும். வழக்கு சமரசத்தில் முடிந்தது. இனி அனுமதி பெறாமல் உடல்நல விவரங்களைப் பகிரக் கூடாது என்று அந்த நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

உங்கள் போனுக்கு ஏன் வந்தது?

மகள் உங்கள் வீட்டில் இருக்கிறார். இரண்டு போனும் ஒரே வைஃபையில் இருக்கும். வெளியிலிருந்து பார்க்கும் நிறுவனத்துக்கு அந்த வைஃபையில் உள்ள போன்கள் எல்லாம் பொதுவாக ஒரே இணைய முகவரியிலிருந்து வருவதாகத்தான் தெரியும். ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் கிடக்கிற இரண்டு போன்கள் ஒரே குடும்பத்துடையவை என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். இன்னொரு வழியும் உண்டு. மகள் போனில் உங்கள் எண்ணை 'அம்மா' என்று சேமித்திருப்பார். தொடர்பு எண்களைப் பார்க்க ஏதாவது ஒரு செயலிக்கு அவர் அனுமதி கொடுத்திருந்தால், எண்ணோடு அந்த உறவுமுறையும் சேர்ந்து போகக்கூடும். நீங்கள் எதையும் தேட வேண்டியதில்லை. உங்களைத் தெரிந்த ஒருவர் அனுமதி கொடுத்தாலே போதும்.

'பெயரை நாங்கள் தருவதில்லை' என்று நிறுவனங்கள் சொல்கின்றனவே?

கடைகள் விளம்பரம் செய்யும்போது தங்களிடமுள்ள வாடிக்கையாளர் எண்களை ஃபேஸ்புக், கூகுள் போன்ற தளங்களுக்குப் பட்டியலாகக் கொடுக்க முடியும். எண்ணை அப்படியே கொடுப்பதில்லை. 'ஹாஷ்' என்ற கணக்கில் போட்டு, படித்தால் புரியாத நீண்ட எழுத்துத் தொடராக மாற்றுவார்கள். தளமும் தன்னிடமுள்ள எண்களை அதே கணக்கில் மாற்றி வைத்திருக்கும். இரண்டு தொடரும் ஒத்துப்போனால் அந்த ஆளுக்கு விளம்பரம் போகும். இதை வைத்துத்தான் விவரம் பாதுகாப்பாக இருக்கிறது என்கிறார்கள்.

நம் நாட்டு செல்போன் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். 10 இலக்கம், முதல் இலக்கம் 6, 7, 8, 9-ல் ஒன்று. ஆக, இருக்கக்கூடிய எண்கள் மொத்தமே 400 கோடி. அத்தனையையும் அதே கணக்கில் மாற்றி ஒரு பட்டியல் தயாரிக்க ஒரு சாதாரணக் கணினிக்குச் சில மணி நேரம் போதும். பிறகு எந்தத் தொடரைக் கொடுத்தாலும் எண்ணைச் சொல்லிவிடலாம். பூட்டு கனமாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லாச் சாவியையும் ஒரு பிற்பகலில் போட்டுப் பார்த்துவிடலாம்.

பெயரே தெரியாவிட்டாலும்தான் என்ன? 'கர்ப்பமான ஒரு பெண், இந்த ஊர், இந்தத் தேதியில் பிரசவம்' என்பது தெரிந்து, அவர் கையிலிருக்கும் திரை வரைக்கும் வந்துவிட முடிகிறது. உங்கள் மகளை அடுப்படிக்கு எழுந்து வரவைத்த வாழ்த்துக்கு இதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

இத்தனை தெரிந்தவர்களுக்கு இழப்பு ஏன் தெரியவில்லை?

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உலுக்கியது இதுதான். குழந்தைக்குக் காத்திருக்கும் வீட்டில் ஒவ்வொரு நாளும் ஏதாவது வாங்குகிறோம், தேடுகிறோம், குறித்துவைக்கிறோம். இழந்த வீட்டில் யாரும் எதையும் வாங்குவதில்லை. துக்கத்துக்குப் பில் கிடையாது. அதனால் நிறுவனங்களின் கணக்கில் இருக்கும் உங்கள் மகள் இன்னும் கர்ப்பமாக இருந்தார், குறித்த தேதியில் பெற்றார், இப்போது கைக்குழந்தையோடு இருக்கிறார். அவர் வாங்கியவற்றையும் தேடியவற்றையும் கொண்டு செய்த ஒரு உருவம் அது. அவர் வாழ்க்கை நின்ற இடத்தில் நிற்காமல் அது மட்டும் மேலே போய்க்கொண்டிருக்கிறது.

வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையாளர் கில்லியன் பிராக்கெலுக்கு 2018-ல் குழந்தை இறந்தே பிறந்தது. தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு அவர் பகிரங்கமாக ஒரு கடிதம் எழுதினார். நான் கர்ப்பம் என்று கண்டுபிடிக்கத் தெரிந்த உங்களுக்கு, என் குழந்தை போய்விட்டது என்று கண்டுபிடிக்கத் தெரியாதா என்பதுதான் அதன் சாரம். விளம்பரங்களை 'வேண்டாம்' என்று தள்ளியபோது நடந்ததையும் எழுதியிருந்தார். குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது என்று கணித்து, பிறந்த குழந்தைக்கான பொருள்களை அந்த நிறுவனங்கள் காட்டத் தொடங்கினவாம். பாளையங்கோட்டையில் நீங்கள் பட்டதை அவர் வாஷிங்டனில் பட்டிருக்கிறார்.

மறைக்க என்ன இருக்கிறது?

உங்கள் மகன் கேட்பதில் ஒரு பாதி சரி. இதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஊரைக் கூட்டி வளையல் அடுக்கினீர்கள். இழப்பும் தெருவுக்கே தெரியும். எதையும் மறைக்காத வீட்டைத்தான் இது இவ்வளவு காயப்படுத்தியது. அப்படியென்றால் விஷயம் மறைப்பதைப் பற்றியதே இல்லை.

ஒரு சேதி, அதைச் சொன்ன இடத்துக்குச் சொந்தம். டாக்டரிடம் சொன்னது சிகிச்சைக்காக, மருந்துக்கடையில் சொன்னது மருந்துக்காக, சொந்தக்காரரிடம் சொன்னது சந்தோஷத்துக்காக. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாகத் தெரிந்திருப்பதில்தான் நம் மானமும் நிம்மதியும் இருக்கின்றன. அவை எல்லாவற்றையும் ஒரே எண்ணில் கோத்து, யார் காசு கொடுக்கிறார்களோ அவர்கள் நம்மை எட்டும்படி செய்வதுதான் இந்தத் தொழில். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். குற்றவாளிக்கு ஒளிந்துகொள்ள இடம் தரும் தீர்ப்பு அல்ல அது. உங்கள் மகளைப் போன்றவர்களுக்கான தீர்ப்பு.

சட்டம் என்ன செய்யும்?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களின் பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் கட்டாயமாகின்றன.

உங்களுக்குப் பொருந்தும் இரண்டு உதாரணங்களை அந்தச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. ஒரு பெண் மருந்துக்கடையில் தன் எண்ணைத் தானாகக் கொடுத்து, ரசீதை மெசேஜில் அனுப்பச் சொல்கிறார். கடைக்காரர் ரசீது அனுப்ப அந்த எண்ணைப் பயன்படுத்தலாம் என்கிறது சட்டம். எதற்குக் கொடுத்தாரோ அதற்கு. இன்னொரு உதாரணத்தில், ஒரு மருத்துவ ஆலோசனைச் செயலி தொடர்பு எண்களையும் பார்க்க அனுமதி கேட்கிறது, அந்தப் பெண்ணும் சரி என்கிறார். மருத்துவ ஆலோசனைக்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை என்பதால், அவர் 'சரி' என்று சொல்லியிருந்தாலும் அந்த அனுமதி செல்லாது.

கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறலாம், கொடுத்தது எவ்வளவு சுலபமோ அதே அளவு சுலபமாக. விவரங்களை அழிக்கச் சொல்லலாம். அனுமதி கேட்கும் வாசகத்தைத் தமிழிலும் படிக்கும் வசதி தர வேண்டும். மீறினால், மீறலைப் பொறுத்து 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. குறையையும் சொல்ல வேண்டும். அபராதம் அரசுக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு இதில் கிடையாது. உடல்நல விவரத்துக்கென்று தனிப் பாதுகாப்பும் இல்லை. இவை இரண்டும் இருந்திருக்க வேண்டியவை.

2027 வரை காத்திருக்கவும் வேண்டாம். எண் தந்தால்தான் பில் போடுவோம் என்று கடைகள் வற்புறுத்துவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியிருக்கிறது. 'நம்பர் வேண்டாம், பேப்பர் பில் போதும்' என்று சொல்லுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இனி செய்ய வேண்டியவை

1. கர்ப்பச் செயலி. அதைப் போனிலிருந்து தூக்கினால் மட்டும் போதாது. உள்ளே அமைப்புகள் பகுதிக்குப் போய்க் கணக்கையும் விவரங்களையும் அழிக்கும் வசதியைப் பயன்படுத்திவிட்டு, பிறகு தூக்குங்கள்.

2. கூகுள், யூடியூப். கூகுள் கணக்கில் 'மை ஆட் சென்டர்' என்ற பகுதி இருக்கிறது. அதில் மனத்தை உறுத்தக்கூடிய தலைப்புகளின் வரிசையில் 'கர்ப்பமும் குழந்தை வளர்ப்பும்' தனியாகவே இருக்கும். அதை அணைத்துவிடலாம்.

3. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம். கணக்கு மையத்தில் விளம்பர விருப்பங்களைத் திறந்து, குழந்தை வளர்ப்பு என்ற தலைப்புக்கு 'குறைவாகக் காட்டு' என்று கொடுங்கள். உங்கள் விவரமுள்ள பட்டியலைப் பயன்படுத்தி விளம்பரம் செய்தவர்கள் யார் என்பதையும் இந்தப் பகுதியில் பார்க்கலாம். நான் ஒருமுறை என்னுடையதைத் திறந்தபோது, வாழ்நாளில் வாசல் மிதிக்காத ஒரு கார் ஷோரூம் அதில் இருந்தது.

4. விளம்பர அடையாள எண். ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனுக்கும் இப்படி ஒன்று உண்டு. அமைப்புகளில் விளம்பரங்கள் என்ற பகுதியில் அதை நீக்கலாம். ஐபோனில், பின்தொடர அனுமதி கேட்கும் செயலிகளுக்கு மறுப்புச் சொல்லிவிட்டால் போதும்.

5. அனுமதிகள். தொடர்பு எண்கள், இருப்பிடம் இரண்டையும் எந்தெந்தச் செயலிகள் பார்க்கின்றன என்று சோதித்து, தேவையில்லாதவற்றை மூடுங்கள். இதை உங்கள் போனிலும் செய்யுங்கள்.

6. கடைகள். மெசேஜ் அனுப்பும் ஒவ்வொரு கடைக்கும், 'இந்த எண்ணையும் இதன்கீழ் உள்ள விவரங்களையும் அழித்துவிடுங்கள், விளம்பரத்துக்குக் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறுகிறோம்' என்று எழுத்தில் அனுப்புங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. விளம்பர அழைப்புகளை நிறுத்த 1909-ல் பதிவு செய்யலாம்.

எண்ணையே மாற்றிவிடலாம் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். கைவிட்ட எண் 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம். வங்கி, ஆதார், வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் புது எண்ணைப் பதியாமல் பழையதை விடக் கூடாது.

கடைசியாக ஒன்று. தெருவில் ஒருவர்கூட மகளிடம் எதையும் கேட்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது தானாக நடந்திருக்காது, அம்மா. நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் பக்கத்து வீட்டு அக்காவோ, பால் ஊற்றும் அம்மாவோ வீடு வீடாகப் போய், 'அந்தப் பிள்ளைகிட்ட யாரும் ஒண்ணும் கேட்டுராதீங்க' என்று சொல்லியிருப்பார். போனுக்குள்ளும் அப்படி ஒருவர் முன்னால் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை உங்கள் மகன் செய்யட்டும். உங்கள் மகளிடம் கேட்டுக்கொண்டு, அவர் போனை வாங்கி, மேலே சொன்ன ஆறையும் முடிக்கட்டும். மத்தியானம் அவர் படுத்து எழுவதற்குள் முடிந்துவிடுகிற வேலைதான்.